பதினேழாம் தூண்

பகல் பதினொரு மணிக்கு மேசைமேல் இருந்த பேனா தானாக உருண்டது. சுவரில் காலண்டர் இரண்டு முறை ஆடி நின்றது. அவ்வளவுதான்.

"லாரி போகுது போல," என்றாள் தட்டச்சுக்காரி.

ஆஸ்பத்திரியின் சொத்துப் பிரிவு குமாஸ்தா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவன் தங்கை பிரசவ வலியோடு கிடந்தாள்.

அவன் பதிவேட்டின்படி அந்த மாடியில் கட்டிலே கிடையாது.

போன வருஷம் பொறியாளர் வந்து தூண்களைத் தட்டிப் பார்த்தார். நோயாளிகள் இருக்கும் கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்க வேண்டும் என்பது சட்டம்; அதற்குப் பலப்படுத்த என்ன செலவாகும் என்று எழுதிக் கொடுத்தார். கட்டடத்தின் மதிப்பைப் போல மூன்று மடங்கு. நிர்வாகி அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"கிடங்குக்கு இந்தச் சட்டம் கிடையாதுல்ல? கிடங்குன்னு எழுதுப்பா. ஒரு மாசத்துல கட்டிலை எல்லாம் மாத்திடலாம்."

எழுதினான். மாதம் பதினொன்று ஆயிற்று. கட்டில்கள் அங்கேயே இருந்தன. நேற்று தங்கைக்கு அங்கேதான் இடம் கிடைத்தது. வேறு இடம் கேட்டுப் பார்த்தான், இல்லை. "ஜன்னலோரம்ணே, காத்து பிச்சுக்கிட்டு வருது," என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு ஓடினான். பதினேழாம் தூணில் ஒரு விரிசல். அதன் குறுக்கே பொறியாளர் ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்துப் பதித்திருந்தார். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் உள்ளே ஆள் இருக்கக் கூடாது.

கண்ணாடி இரண்டாக இருந்தது.

நிர்வாகிக்குப் போன் செய்தான்.

"கிடங்குல ஏதுப்பா ஆளு?" என்றார். சிரிக்கவில்லை. "யோசிச்சுப் பேசு. கையெழுத்து உன்னோடது."

படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான். தலைமை நர்ஸிடம், "என் தங்கச்சிய மட்டும் கீழ இறக்கணும்," என்றான்.

"ஏன், உங்க தங்கச்சி மட்டும் தனிப் பிறவியா?"

வார்டைப் பார்த்தான். இருபத்திரண்டு கட்டில்கள். ஒருத்தி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரையும் இறக்குங்கக்கா. தூண் அசைஞ்சிருக்கு. இது கிடங்குன்னு பொய்யா எழுதினது நான்தான். யாராவது கேட்டா என்னைக் காட்டுங்க."

நர்ஸ் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. பிறகு கை தட்டினாள்.

"எல்லாரும் எந்திரிங்கம்மா. பிள்ளைய எடுத்துக்குங்க, பைய விடுங்க."

கால் மணி நேரத்தில் இருபத்தொரு கட்டில்கள் காலி.

"இவள இப்ப அசைக்க முடியாது, தலை தெரியுது," என்றாள் நர்ஸ், கையுறையை மாட்டியபடி. "நீங்க இறங்குங்க."

அவன் இறங்கவில்லை. தங்கையின் தலைமாட்டில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மேலிருந்து சுண்ணாம்புத் தூள் அவள் நெற்றியில் உதிர்ந்தது. துடைத்துவிட்டான்.

"என்னண்ணே, வார்டே காலியாயிருச்சு?"

"சுத்தம் பண்றாங்கம்மா."

"உனக்குப் பொய் சொல்லவே வராது." பல்லைக் கடித்துக்கொண்டாள். வலி போனதும் கேட்டாள்: "நடுங்குறது நீயா, கட்டிலா?"

அவனுக்கும் தெரியவில்லை. கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.