கண் மட்டத்து அலமாரி

நோரீன் கவனா ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் சுவரைப் பார்ப்பாள், ஆளை அப்புறம்தான். இருபத்தாறு வருடமாக மன்ஹாட்டனின் சின்னச் சின்ன வீடுகளை ஒழுங்குபடுத்துவதுதான் அவள் பிழைப்பு. கட்டிலுக்கடியில் இழுப்பறை, கதவுக்குப் பின்னால் இஸ்திரிப் பலகை, சுவரோடு மடியும் மேசை. ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஆறங்குலச் சந்து இருந்தால் போதும், அதற்குள் சக்கரம் வைத்த ஒரு ரேக்கைச் சொருகிவிடுவாள். எள் போட இடமில்லாத வீட்டில் யானையைக் கட்டச் சொன்னாலும் டேப்பை எடுத்து யானையை அளக்க ஆரம்பிப்பாள் என்று அவளோடு வேலை செய்யும் தச்சர்கள் கிண்டல் செய்வார்கள்.

அவள் யோசனைகளில் பேர்போனது ஓவன். அடுப்புக்குக் கீழே முழுசாக ஒரு அலமாரி சும்மா கிடக்கிறதே, சமைக்காதவர்கள் அதில் எதையாவது வைத்தால் என்ன என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அவள் சொல்லித்தான் என்றில்லை. காலையில் காபி வண்டி, மதியம் பேகல் ரொட்டி, ராத்திரிக்குச் சீனக்கடைப் பொட்டலம் என்று ஓடுகிற ஊர் இது. இங்கே ஓவனுக்குள் கேக் இருந்தால்தான் ஆச்சரியம். ஸ்வெட்டரும் பூட்ஸும் இருந்தால் யாரும் ஏனென்று கேட்பதில்லை.

இர்வின் பெல்ட்மன் வீட்டுக்கு அவள் போனது மூன்று வருடத்துக்கு முன்னால். இர்வின் முப்பத்தொரு வருடம் ராத்திரி ஷிஃப்டில் சப்வே ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்வுட்டில் நாலாவது மாடியில் ஒற்றை அறையும், நாலடிக்கு ஏழடியில் ஒரு சமையலறையும். மனைவி பெர்னீஸ் இறந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. எழுபதாவது பிறந்த நாளுக்குத் தங்கை மகள் கொடுத்த பரிசுதான் நோரீன். வீட்டைச் சீர் செய்து கொடு என்று பணம் கட்டி அனுப்பியிருந்தாள்.

கதவைத் திறந்தவர் அவள் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார்.

"தங்கச்சி மக சாக்ஸ் அனுப்புவான்னு பார்த்தேன். ஆளையே அனுப்பிட்டா. உள்ள வாங்க, இன்ச்சம்மா."

அன்றைக்கு வைத்த பெயர்தான், பிறகு மாறவே இல்லை.

சமையலறையில் சிங்க்குக்குக் கீழே அட்டைப் பெட்டியில் தட்டுகள். ஜன்னல் விளிம்பில் காபிக் கோப்பை. கண் மட்டத்துக்கு இருந்த ஒரே அலமாரியில் ஐம்பத்துமூன்று கேசட்டுகள், வரிசை குலையாமல். நோரீனுக்கு வயிறு எரிந்தது. கண் மட்டத்து அலமாரி என்பது சமையலறையின் சிம்மாசனம். அதில் தினமும் கை போகிற சாமான்தான் உட்கார வேண்டும், பாட்டுக் கேசட்டுக்கு அங்கே என்ன வேலை?

பாட்டு இல்லை என்றார் இர்வின். அவர் காலை ஏழரைக்கு வீடு வரும்போது பெர்னீஸ் பல் டாக்டர் ஆபீசுக்குக் கிளம்பிப் போயிருப்பாள். அவள் திரும்பும்போது இவர் கிளம்பிக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்த்துக்கொண்டார்கள். அதனால் அவள் தூங்கப் போகும் முன் சமையலறையில் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் ரெக்கார்டரிடம் பேசி வைத்துவிடுவாள். இவர் வந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்பார். பதினோரு வருடம் இப்படித்தான் குடித்தனம் நடந்தது. அழித்து அழித்துப் பேசியதுபோக மிஞ்சியவை இவை.

"உங்க டேப்பு வேற, எங்க டேப்பு வேற," என்றார்.

அப்படியானால் ஓவனில் வைக்கலாமே, சமைக்கிற வழக்கம் இல்லையே என்றாள் நோரீன், வாய்ப்பழக்கமாக.

"ஓவன்ல வேண்டாம்."

ஏன் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் அடுத்த யோசனைக்குப் போய்விட வேண்டும் என்பது அவள் தொழில் தர்மம்.

வேலை ஒரு மாதத்தில் முடிந்தது. மடக்கு மேசை வந்தது, கட்டிலுக்கடியில் நாலு இழுப்பறை வந்தது. வேலை முடிந்த பிறகும் நோரீன் வந்துகொண்டிருந்தாள். முதலில் கீல் இறுக்க, அப்புறம் கீல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கடைசியில் காரணம் தேடுவதை விட்டுவிட்டாள். விவாகரத்தாகிப் பத்தொன்பது வருடம். இர்வினோடு பூங்காவில் நடப்பதும், அவர் ஒவ்வொரு ஸ்டேஷனின் குணத்தையும் மாமியார் குணம் சொல்வதுபோல் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பதும் அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டாம் வருடம் வீட்டுச் சாவி கொடுத்தார். அவளும் நீல விளிம்பு போட்ட தட்டு இரண்டு வாங்கினாள்.

தட்டு வாங்கியதிலிருந்துதான் வினை. அவற்றை வைக்க அவளுக்கு வேறெந்த இடமும் பிடிக்கவில்லை. கண் மட்டத்து அலமாரிதான் வேண்டும். அதை அவள் நேராகக் கேட்கவும் இல்லை. அடுப்பு ஆவி கேசட்டுக்கு ஆகாது என்பாள். குனிந்து தட்டெடுத்தால் உங்கள் முதுகு என்ன ஆகும் என்பாள். சட்டப்படி, தொழில்முறைப்படி, இர்வினின் நன்மைக்காகவே பேசினாள். பொறாமை என்று சொன்னால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள், இட நிர்வாகம் என்றிருப்பாள்.

ஞாயிறு காலையில் இர்வின் ஒரு கேசட் போட்டுக் கேட்பார். நோரீன் பதினோரு மணிக்கு முன்னால் வரமாட்டாள். கொஞ்சம் சீக்கிரம் வாயேன், நீயும் கேளேன், அவ பேச்சு உனக்குப் பிடிக்கும் என்று அவர் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார். அவள் ஏதோ வேலை சொன்னாள். ஒரு ஞாயிறு முன்கூட்டியே வந்துவிட்டவள், கதவுக்கு வெளியே ஒரு பெண் குரல் கேட்டதும் படியில் இறங்கி, மூலைக் கடையில் இரண்டு காபி குடித்துவிட்டு வந்தாள். கேசட்டுகளையெல்லாம் பிரதி எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிற ஒரு ஆளை அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அந்த ஆளின் பெயரை இர்வினிடம் அவள் சொன்னதில்லை. இருக்கிற ஒரு பெர்னீஸ் போதாதா, இன்னொன்று வேறு எதற்கு என்று அவள் மனசு நினைத்தது. இப்போது அதை நினைத்தால் தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது அவளுக்கு.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். போன அக்டோபரில் ஒரு நாள் அவள் வந்தபோது அலமாரி காலியாக இருந்தது. துடைத்து, புதுக் காகிதம்கூட விரித்திருந்தார்.

"வெச்சுக்க," என்றார். "ரெண்டு தட்டுக்கு எத்தன நாள் கேஸ் நடத்துவ?"

நோரீன் தட்டுகளை வைத்தாள். கேசட்டெல்லாம் எங்கே என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் பேச்சு பெர்னீஸ் பக்கம் போகும், ஜெயித்த நாளில் அது எதற்கு என்று விழுங்கிவிட்டாள். கட்டிலுக்கடி இழுப்பறையில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதை அவளே அளந்து செய்தவள், ஐம்பத்துமூன்று கேசட் தாராளமாகப் பிடிக்கும்.

நவம்பரில் இர்வினின் எழுபத்துமூன்றாவது பிறந்த நாள் ஒரு சனிக்கிழமை வந்தது. மத்தியானம் அவர் முடிவெட்டிக்கொள்ளப் போகிற நேரம் பார்த்து, ஒரு முழுக்கோழியும் எலுமிச்சையும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு நோரீன் சாவி போட்டு உள்ளே வந்தாள். அந்த வீட்டில் அவள் முதன்முதலாகச் சமைக்கப் போகிறாள். கோழியை உள்ளே தள்ளும் முன் ஓவன் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். வந்த கையோடு குமிழைத் திருகி நானூற்று இருபத்தைந்தில் வைத்தாள்.

திறந்து பார்க்கவில்லை. ஓவனில் சாமான் வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள். யார் வீட்டு ஓவனையும் திறந்து பார்க்காமல் பற்றவைக்கக் கூடாது என்று அவளைவிட யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்? ஆனால் இது இர்வின் ஓவன். அவர்தான் வேண்டாம் என்று சொன்னாரே.

அறையில் மடக்கு மேசையை இறக்கி, நீலத்தட்டுகளை வைத்து, மெழுகுவர்த்திக்கு இடம் இருக்கிறதா என்று கையால் அளந்துகொண்டிருந்தபோது வாடை வந்தது. வருடக்கணக்கில் மூட்டாத ஓவன், பழைய தூசியும் எண்ணெயும் கருகுகிறது என்று நினைத்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து நாப்கின் மடித்தாள். இரண்டு நாப்கின். அந்த ஐந்து நிமிடம்தான் அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அப்போதாவது திறந்திருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும்.

புகைமணி அலறிய பிறகுதான் ஓடினாள். கருகிய இரண்டு ஷூ அட்டைப் பெட்டிகள், அதற்குள் கேசட்டுகள் ஒன்றோடொன்று உருகி, கம்பித்தட்டின் வழியே கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தன. வெறுங்கையால் இழுக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டாள். துணியால் பிடித்து சிங்க்கில் போட்டுக் குழாயைத் திறந்தாள். எதைக் கொளுத்தினோம் என்று அவளுக்கு உறைத்தது குழாயை மூடிய பிறகுதான். ஓரத்தில் ஒரு சீட்டு மட்டும் எரியாமல் இருந்தது. பெர்னீஸின் சாய்ந்த எழுத்து: மார்ச் 88, டாக்டர் லீவு.

இர்வின் வந்தபோது மணி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. புதிதாக வெட்டிய தலையும், பவுடர் போட்ட கழுத்துமாக வந்தவர், துடைப்பக் கட்டையால் மணியை அமர்த்தினார். பிறகு சிங்க்கை எட்டிப் பார்த்தார்.

"அங்கதான் வெச்சீங்கன்னு எனக்குத் தெரியாது," என்றாள் நோரீன். "இர்வின், சத்தியமா எனக்குத் தெரியாது."

"நான் சொல்லலியே," என்றார். "சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

அவர் கத்தியிருந்தால், வெளியே போ என்றிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அவள் விரலைப் பார்த்தார், குழாய்த் தண்ணீரில் பிடிக்கச் சொன்னார். வெளியே கிடந்த கோழியை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தார், கெட்டுவிடுமாம். கொஞ்ச நேரம் தனியாக இருக்கிறேன் என்றார். அவள் படியிறங்கினாள்.

மறுநாள் ஞாயிறு. எட்டு மணிக்குப் போன் செய்து வரச் சொன்னார். முதல் தடவையாக அவள் பதினோரு மணிக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போனாள். நீலத்தட்டுகள் அலமாரிக்குத் திரும்பியிருந்தன, மடக்கு மேசைமேல் பழைய கேசட் பிளேயர் இருந்தது.

"ஒண்ணு இதுக்குள்ளயே இருந்துச்சு," என்றார். "போன வாரம் கேட்டது. உக்காரு."

பெர்னீஸின் குரல் கொஞ்சம் கரகரப்பாக, அவசர அவசரமாக வந்தது. ஒரு நோயாளி டாக்டர் விரலைக் கடித்துவிட்டானாம், டாக்டர் அவனுக்கே பில்லில் தள்ளுபடி கொடுத்தாராம். மேல்வீட்டுக்காரி ஞாயிற்றுக்கிழமை பியானோவை நகர்த்துகிறாளாம், வாசிக்கிறதாகத் தெரியவில்லையாம். நோரீனுக்குத் தன்னை மீறிச் சிரிப்பு வந்தது, அதற்காக வெட்கமாகவும் இருந்தது. இந்தப் பெண்ணோடு அவளுக்கு நன்றாக ஒத்துப்போயிருக்கும். கொட்டாவி விட்டபடி பெர்னீஸ் பேச்சை முடித்தாள்.

"சரி, தூக்கம் வருது. ஓவன்ல உனக்குச் சாப்பாடு வெச்சிருக்கேன். துணி போட்டு மூடியிருக்கேன், இர்வின், அப்படியே பத்த வெச்சிடாத. மொதல்ல தொறந்து பாரு."

கேசட் முடிந்து பட்டன் தானாக எழும்பியது.

"எல்லா டேப்பும் இப்படித்தான் முடியும்," என்றார் இர்வின். "ஒண்ணு பாக்கியில்லாம. நான் ஒரு தடவை அவ துணியக் கொளுத்திட்டேன், அதுலேருந்து சொல்லிச் சொல்லி மனப்பாடம். நீ மொத நாள் ஓவன்னு சொன்னப்ப அதனாலதான் வேண்டாம்னேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். அவ எனக்கு எப்பவும் அங்கதான வெச்சிட்டுப் போவா, அங்கயே இருக்கட்டும்னு தோணுச்சு."

நோரீன் நின்றுபோன பிளேயரைப் பார்த்தாள். ஐம்பத்துமூன்றில் ஏதாவது ஒன்றை, மூன்று வருடத்தில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசிவரை கேட்டிருந்தால் போதும். அவளிடமே சொல்லியிருப்பாள் பெர்னீஸ்.

இர்வின் கேசட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். கண் மட்டத்து அலமாரியில் நிறுத்தினார். சாய்ந்துகொள்ளப் பக்கத்தில் எதுவும் இல்லாததால் அது விழுந்தது. மறுபடி நிறுத்தினார், மறுபடி விழுந்தது. நோரீன் எழுந்து போய்த் தன் நீலத்தட்டுகளை அங்கிருந்து எடுக்கப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இருக்கட்டும், இன்ச்சம்மா," என்றார். "எடம்தான் நெறைய இருக்கே."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. இடம் நிறையத்தான் இருந்தது.