ஏழில் ஒன்று குறைந்தது

ஸ்ரீரஞ்சனிக்கு வயது முப்பத்துநான்கு. பன்னிரண்டு வருஷமாக மயிலாப்பூர் சபாக்களில் மத்தியானக் கச்சேரிகளுக்கு வயலின் பக்கவாத்தியம் வாசித்து வந்தாள். மத்தியானக் கச்சேரி என்றால் மேடையில் நாலு பேர், எதிரே பதினோரு பேர். அந்தப் பதினோரு பேரிலும் மூன்று பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள். பெரிய வித்வான்கள் சிலருக்குப் பக்கத்தில் ஒரு பெண் வயலினோடு உட்கார்ந்தால் கச்சேரியின் களை இறங்கிவிடுமாம். அதனால் அவளுக்குக் கிடைத்தவர்கள் இன்னும் தேறாதவர்களும், இனித் தேற வழியில்லாதவர்களும்தான்.

அபிராமபுரத்தில் அப்பா விட்டுப்போன சின்ன ஃபிளாட். அம்மாவும் போய் மூன்று வருஷம் ஆகிறது. அண்ணன் நியூ ஜெர்சியில் இருந்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு போனில் வந்து, உடம்பு எப்படி என்று கேட்டு, பதில் முடிவதற்குள் மன்னியிடம் கொடுத்துவிடுவான். சில நாள் காலையில் கீரைக்காரியிடம் பேசியதோடு சரி, பிறகு வாயே திறக்காமல் பொழுது சாய்ந்துவிடும். சாயங்காலம் தொண்டையைக் கனைத்தால் அடுத்த அறையில் யாரோ கனைத்தது மாதிரி இருக்கும். தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஜூலையில், வில்லுக்கு முடி மாற்ற லஸ்ஸில் ஒரு வாத்தியக் கடைக்குப் போனாள். அங்கே தோளில் புரளும் முடியும் கறுப்புச் சட்டையுமாக ஒரு பையன் எலெக்ட்ரிக் கிடாரைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பையன் என்ன, இருபத்துமூன்று வயது ஆசாமி. பெயர் சாய்நாத். விரல்கள் பேய் வேகத்தில் ஓடின. அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

“கீரவாணியை ஏன் இப்படித் துரத்தறே? அது உன்னை என்ன பண்ணித்து?”

“இது கீரவாணி இல்லக்கா. ஹார்மானிக் மைனர்.”

“நீ எந்தப் பேர் வெச்சாலும் அதே ஏழு ஸ்வரம்தான்.”

அவன் சிரித்துவிட்டான். இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய தேவாலய இசையையும் அரண்மனை இசையையும் எடுத்து ஹெவி மெட்டலில் வாசிக்கும் கூட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்றான். தன் குழுவும் அந்த ரகம்தான். ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு உருப்படி செய்து வைத்திருக்கிறார்கள், அதில் கிடாரோடு சேர்ந்து ஓட ஒரு வயலின் வேண்டும், வருவீர்களா என்று கேட்டான். கச்சேரிக்கு ஆள் கூப்பிடும் காரியதரிசிகள்கூட அவளை அவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை.

சனிக்கிழமை மூன்று மணி, அடையாறு காந்தி நகரில் சாய்நாத் வீட்டுக் கார் ஷெட். டிரம்ஸுக்கு லாரன்ஸ், பட்டினப்பாக்கத்துக்காரன். பேஸ் கிடாருக்கு நெடுஞ்செழியன், ஒரு நாளைக்கு மூன்று வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். முதல் நாள் அவளுக்குக் காது அடைத்துப் போயிற்று. மூன்றாவது வாரம் அந்த இரைச்சலுக்குள் இருந்த ஒழுங்கு பிடிபட்டது. கிடார் மேலே ஏறும்போது அவள் கீழே இறங்குவாள், நடுவழியில் சந்தித்துக்கொண்டு சேர்ந்து ஓடுவார்கள். தாளம் ஏழு எண்ணிக்கை, அவளுடைய மிச்ரசாபு. வயலினில் ஒட்டிய மைக் வழியாகத் தன் சத்தம் சுவரை அதிரவைத்தபோது அவளுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

ஆனால் அவள் காத்திருந்தது வாசிப்புக்கு மட்டும் இல்லை. வாசித்து முடித்ததும் டீ வரும், சமோசா வரும், “அக்கா, நீங்க சொல்லுங்க, அந்த எடம் சரியா இருந்துச்சா?” என்று மூன்று முகங்கள் அவளைப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை எழுந்ததுமே அடுத்த சனிக்கு இன்னும் ஆறு நாள் என்று எண்ண ஆரம்பித்துவிடுவாள். இந்தச் சனிக்கிழமை போய்விட்டால் தன்னிடம் வேறு கிழமை இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பிப்ரவரியில் ஒரு பொறியியல் கல்லூரி விழாவில் போட்டி. சாய்நாத் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த போட்டி அது. திறந்தவெளி மேடை, ஆயிரம் பேர். ஐந்து நிமிஷம் வரை எல்லாம் பட்டுப்போல் போயிற்று. ஆறாவது நிமிஷத்தில், கிடாரும் வயலினும் சேர்ந்து ஓடும் இடத்தில், சாய்நாத் ஏழில் ஒரு எண்ணிக்கையை விழுங்கிவிட்டான்.

ஆனைக்கும் அடி சறுக்கும், அது பெரிய விஷயம் இல்லை. ஸ்ரீரஞ்சனி செய்ததுதான் விஷயம். மேடையில் பாடகர் தாளம் தப்பினால் நல்ல பக்கவாத்தியக்காரி என்ன செய்வாள்? அவரை அம்போவென்று விடமாட்டாள். கண் இமைப்பதற்குள் தானும் அதே தப்பைச் செய்து கூடப் போய்விடுவாள். இரண்டு பேர் சேர்ந்து தப்பினால் சபைக்கு அது சரியாகத்தான் கேட்கும். மிருதங்கக்காரரும் சத்தம் போடாமல் வந்து சேர்ந்துகொள்வார். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ பேரின் மானத்தை அவள் இப்படிக் காப்பாற்றியிருக்கிறாள். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். அன்றைக்கும் போயிற்று.

லாரன்ஸ் மிருதங்கக்காரர் இல்லையே. அவனும் நெடுஞ்செழியனும் தண்டவாளம்போல் ஏழிலேயே நின்றார்கள். வயலின் தன்னோடு இருப்பதைக் கேட்ட சாய்நாத், டிரம்ஸ்தான் தப்புகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தி வாசித்தான். மேலே இருவர், கீழே இருவர், நடுவில் ஒரு எண்ணிக்கை. அரை நிமிஷத்தில் அது சந்தைக்கடை ஆயிற்று. கூட்டம் ஊளையிட்டது. லாரன்ஸ் குச்சிகளைக் கீழே வைத்தான்.

மேடைக்குப் பின்னால் சாய்நாத் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். “நீங்க முன்னாடி எடுத்துட்டீங்கக்கா. நானும் உங்கள நம்பி வந்துட்டேன்.”

அவன் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினான். தப்பு உன்னுடையது என்று சொல்ல அவளுக்கு ஒரு வாக்கியம் போதும். பாடகரின் தப்பைப் பக்கவாத்தியக்காரி வெளியில் சொல்வதில்லை. “சாரிடா” என்றாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அடுத்த சனிக்கிழமை பிராக்டிஸ் இல்லை என்று போன் வந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை போனும் வரவில்லை.

மூன்றாவது வாரம் புதன்கிழமை காலையில் லாரன்ஸ் வந்து வாசலில் நின்றான். கையில் ஒரு கேசட்.

“சவுண்டு மிக்சர்காரன் அன்னிக்கு ரெக்கார்டு பண்ணிக்கீறான்க்கா. வாங்கியாந்தேன். தெளிவா கீது. மொதல்ல வுட்டது சாய். நீ அவன் பின்னாலதான் போய்க்கீறே.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் இன்னாத்துக்கு போன?”

காபியை அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “எங்க பக்கத்துல அப்படித்தான் லாரன்ஸ். பாடறவா விழுந்தா கூட விழணும்.”

லாரன்ஸ் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்தான். “எங்காண்ட ஒருத்தன் வுழுந்தா மத்தவன் நிக்கணும்க்கா. அப்பதான் அவன் பிடிச்சிக்கினு எழுந்துப்பான். சரி, நீ வுழுந்தா அவங்கோ இன்னா பண்ணுவாங்கோ? கூட வருவாங்களா?”

“தொடையில தாளத்தைப் பலமா தட்டுவா. தப்பு என்னோடதுன்னு சபைக்குத் தெரியணுமே.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு எழுந்து சமையலறைக்குள் போய், திறக்க வேண்டிய அவசியமில்லாத குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். லாரன்ஸ் கேசட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, சனிக்கிழமை இதைக் கொண்டுவந்து சாயிடம் போட்டுக் காட்டு, நானும் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மானம் போனால் போகிறது என்று சனிக்கிழமை கிளம்பினாள். கைப்பையில் கேசட், தோளில் வயலின். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தபோது சொல்ல வேண்டியதை மனசுக்குள் பாடம் பண்ணிக்கொண்டே போனாள். தப்பு அவனுடையது என்று சொல்லக் கூடாது, நானும் நிற்கக் கற்றுக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டும்.

கேட்டின் கொண்டியில் கை வைத்தபோது உள்ளே அதே உருப்படி ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய இடத்தில் ஒரு கீபோர்டு. யாரோ நன்றாகத்தான் வாசித்தார்கள். அவள் நிஷாத ஸ்வரத்தில் வைக்கும் சின்ன அசைவைக்கூட விடவில்லை. சாய்நாத்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். முடியட்டும், உள்ளே போகலாம் என்று நின்றாள். வலது கை கேட்டின் கம்பியில் ஏழை எண்ணிக்கொண்டிருந்தது.

அந்த இடம் வந்தது. சாய்நாத் திரும்பவும் விழுங்கினான். அதே இடம், அதே ஒன்று.

கீபோர்டு ஏழிலேயே நின்றது. பேஸ் நின்றது. லாரன்ஸ் நின்றான். இரண்டு சுற்றுக்குள் கிடார் தடுமாறி, கேட்டு, வந்து சேர்ந்துகொண்டது. உள்ளே யாரோ சிரித்தார்கள். வாசிப்பு நிற்கவில்லை.

ஸ்ரீரஞ்சனி தன் கையைப் பார்த்தாள். தாளம் தப்பியிருந்தது. அவன் விழுங்கிய எண்ணிக்கையை அவள் விரல்களும் அங்கேயே விழுங்கியிருந்தன. அவன் திரும்பத் தாளத்துக்குப் போய்விட்டான். அவள் கை மட்டும் ஒரு எண்ணிக்கை முன்னால், கூட யாரும் இல்லாமல், தட்டிக்கொண்டே இருந்தது.