தலைகீழ்க் கத்தரிக்கோல்

கறி சுடும் ஓட்டலில் கத்தரிக்கோலைத் திருடுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. மேசைக்கு ஒன்று வைத்திருப்பார்கள். கறியை வெட்டித் தின்றுவிட்டு, கை துடைக்கிற காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வர வேண்டியதுதான். நானும் அதைத்தான் செய்தேன். ஐம்பத்தெட்டு வயதில் முதல் திருட்டு.

எங்கள் வீடு ஐந்தாவது மாடியில். அதுதான் கடைசி மாடி, லிஃப்ட் கிடையாது. என் கணவருக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனதிலிருந்து நான்கு மாதமாக அவர் தெருவில் கால் வைக்கவில்லை. முப்பது வருடம் இஞ்சோன் நகரம் முழுக்க பஸ் ஓட்டிய மனுஷன், ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே போகிற பஸ்களின் நம்பரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்கச் சகிக்காமல் அடுத்த தெருவில் ஒரு தரைத்தள வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்ட இருபத்தெட்டாம் தேதி கெடு. அதற்குள் இந்த வீடு விற்காவிட்டால் முன்பணமும் போச்சு, அந்த வீடும் போச்சு.

ஏழு பேர் வந்து பார்த்தார்கள். குழாயைத் திறந்தார்கள், சுவரைத் தட்டினார்கள், "நல்லாருக்கும்மா" என்றார்கள், போனவர்கள் போனவர்கள்தான். நடுவில் யாரோ கெடுக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. தரகர் ஹோங் மேல் சந்தேகம். வருகிறவர்களிடம் என் கணவர் பல்லைக் காட்டிச் சிரிக்கிறாரே, அதன் மேலும் சந்தேகம். எல்லாரையும் விட அதிகச் சந்தேகம் நான்காவது மாடி போரா அம்மா மேல்தான்.

அவளும் தன் வீட்டை விற்கப் போட்டிருந்தாள். கணவர் காலமான பிறகு பூசான் நகரத்தில் மகள் போராவோடு போய் இருக்க வேண்டுமாம். அதே கட்டடம், அதே அளவு, ஏற வேண்டிய படி மட்டும் குறைவு. போதாக்குறைக்கு ஒருநாள் படிக்கட்டில் என்னை மறித்துக்கொண்டு, என் மகன் பெயரைச் சொல்லி அழைத்துக் கேட்டாள்.

"கியூவோன் அம்மா, பகல்ல உங்க வீட்டுல எதையோ இழுக்கற சத்தம் கேக்குதே, என்னது?"

எதற்குக் கேட்கிறாள்? மேல் வீட்டில் ஏதோ கோளாறு என்று வருகிறவர்களிடம் போட்டுக்கொடுக்கத்தானே?

"பகல்ல நான் ஸ்கூல் சமையல்கட்டுல கெடக்கேன். அவர் உக்காந்த எடத்துல உக்காந்திருக்காரு. எங்க வீட்டுல எலிகூட நடக்காது," என்று வெட்டிவிட்டு ஏறி வந்தேன்.

அதன் பிறகுதான் கத்தரிக்கோல். வீடு விற்காமல் இழுத்தால் கூட்டம் அலைமோதுகிற கறி ஓட்டலிலிருந்து ஒரு கத்தரிக்கோலைக் கொண்டுவந்து வாசலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. கண்டிப்பாகத் திருடியதாக இருக்க வேண்டும். கேட்டு வாங்கினால் பலிக்காது. செருப்பு கழற்றுகிற இடத்தில் ஆணியடித்து, சிவப்புப் பிடி மேலே, முனை கீழே தெரியத் தொங்கவிட்டேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. வேலை முடிந்து வந்து பார்த்தால் ஆணி மட்டும் இருக்கிறது. மேசையில் ஒரு தட்டு நிறைய கிம்ச்சி ஊறுகாய் போட்ட அடை. பக்கத்தில் விலா எலும்புக் கறிப் பொட்டலம்.

"கத்தரிக்கோல் எங்கங்க? யாரு வந்தா? இந்தக் கறி ஏது? யார் காசுல வாங்குனீங்க? இந்த அடை யாரு குடுத்தது?"

"கறி நான் ஆர்டர் பண்ணேன். அடை போரா அம்மா கொண்டு வந்தாங்க," என்றார். கத்தரிக்கோலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலித் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் இறங்கினேன். போரா அம்மா கதவைத் திறந்தாள். அவள் தோளுக்குப் பின்னால், செருப்பு அலமாரிக்கு மேல், சிவப்புப் பிடி போட்ட கத்தரிக்கோல் தலைகீழாகத் தொங்கியது.

"அடை குடுக்க வந்தியா, அடிச்சுட்டுப் போக வந்தியா?"

"ஐயோ, இது என்னோடது! நானே அந்த ஓட்டல்லதான்..." என்று ஆரம்பித்தவள் வெட்கப்பட்டுப் பாதியில் நிறுத்தினாள்.

"அதே ஓட்டல், அதே நெறம். கத வேற!"

எட்டிப் பறித்துக்கொண்டு மாடியேறினேன். அவள் பின்னால் வரவில்லை.

"கையும் களவுமாப் புடிச்சுட்டேன்," என்று கணவரிடம் ஆட்டிக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அது நம்மளது இல்ல."

"பின்ன?"

"நம்மளதத்தான் நேத்து கறி கொண்டு வந்த ஆளுகிட்ட ஓட்டலுக்கே திருப்பிக் குடுத்துவிட்டுட்டேனே. முப்பது வருஷத்துல பஸ்ல கெடந்த குடையக்கூட நான் வீட்டுக்குக் கொண்டு வந்ததில்ல."

"நேத்தே சொல்றதுக்கு என்ன?"

"நீ கேட்ட கேள்வியில பதில் சொல்ல எங்க எடம் இருந்துச்சு?"

அன்றே இறங்கிப் போய்க் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. காலண்டரில் ஆறு நாள்தான் மிச்சம். இந்தக் கத்தரிக்கோல் இப்போது நிஜமாகவே திருடியது, அப்படியானால் பலிக்கும் என்று புத்தி கணக்குப் போட்டது. நினைக்க இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதையே ஆணியில் மாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை மாலை தெரியாத நம்பரிலிருந்து போன்.

"வணக்கம்மா, உங்க பேங்க் அக்கவுண்ட் நம்பர் சொல்றீங்களா? இப்பவே பணம் போட்டுடறோம்."

இப்படித்தான் மூன்றாவது மாடிக்காரரின் சேமிப்பு மொத்தமும் போன மாதம் காணாமல் போனது. "ஒங்கப்பன் அக்கவுண்ட்ல போடு!" என்று கத்திவிட்டு வைத்தேன். மறுபடி அடித்தது. மறுபடி திட்டினேன். மூன்றாம் தடவை அந்த நம்பரையே முடக்கிப் போட்டேன்.

அரை மணி நேரத்தில் கதவு தடதடத்தது. திறந்தால் போரா அம்மா, மூச்சிரைக்க. சண்டைக்கு வந்துவிட்டாள் என்று இடுப்பில் கை வைத்தேன். அவளுக்குப் பின்னால் ஒரு பெண்ணும் ஓர் ஆளும் ஏறி வந்தார்கள். அந்த ஆள் முந்தின வாரம் வீடு பார்த்துவிட்டுப் போனவர்.

"போன எடுத்தா ஆளப் பேச விடணும்மா," என்றாள் போரா அம்மா. "திருடன் இல்ல, போன் பண்ணது இவங்கதான், வாங்கறவரோட தரகர்."

வீட்டை வாங்க முடிவு செய்தவர்கள் முன்பணம் போட முதலில் கேட்பதும் அக்கவுண்ட் நம்பரைத்தான். அது எனக்குத் தெரியாததா என்ன?

"தலைக்கு மேல யாரும் குதிக்காத வீடாத் தேடுனேன்," என்றார் அந்த ஆள். தரகர் பெண் சிரித்தாள். "நீங்க திட்டுன திட்டுல கீழ் வீட்டையே முடிச்சுடலாம்னு இவங்ககிட்டப் போனோம். இவங்கதான் கையப் புடிச்சு மேல இழுத்துட்டு வந்தாங்க."

நம்பரை இரண்டு தடவை சொன்னேன், திருப்பிச் சொல்ல வைத்துச் சரிபார்த்தேன். பணம் வந்த சத்தம் போனில் கேட்டது. உள்ளே கணவர் மூக்கைச் சிந்துவதும் கேட்டது.

அவர்கள் இறங்கிய பிறகு போரா அம்மாவைப் படியில் நிறுத்தினேன்.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க? அவங்க வந்தது ஒங்க வீட்டுக்குத்தான?"

"அடை குடுக்க வந்தப்பப் பாத்தேன், நீங்க வேலைக்குப் போனதும் உங்க வீட்டுக்காரர் தரையில உக்காந்தபடியே நகந்துதான் பாத்ரூம் போறாரு. என் தலைக்கு மேலதான கேக்குது. என்னன்னு கேட்டா, எலிகூட நடக்காதுன்னீங்க."

நான் வீட்டிலிருக்கும்போது அவர் கைத்தடி ஊன்றி நடப்பார். உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்ட நான் அதை மட்டும் அப்படியே நம்பியிருந்தேன்.

மீதிப் பணமும் வந்துசேர, இருபத்தேழாம் தேதி வீட்டைக் காலி செய்தோம். மகன் கியூவோன் அப்பாவை முதுகில் சுமந்து இறங்கினான். நான் கடைசியாகக் கத்தரிக்கோலைக் கழற்றிக்கொண்டு நான்காவது மாடியில் நின்றேன்.

"மன்னிச்சுடுங்க. இந்தாங்க."

போரா அம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"குடுத்து வாங்குனா பலிக்காதே."

அவள் வீடு இன்னும் விற்கவில்லை. நான் கத்தரிக்கோலைப் படியில் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, அங்கே ஒட்டியிருந்த தண்ணீர் பில் அறிவிப்பை மெதுவாக, ஒரு எழுத்து விடாமல் படித்தேன். செருப்புச் சத்தம் வந்தது, போனது. கதவுப் பூட்டு கீச்சிட்டது.

திரும்பினால் படி காலி.

"ஐயையோ, என் கத்தரிக்கோலக் காணோமே! எவ எடுத்தா?" என்று ஐந்து மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.