பட்டினி கிடக்க வேண்டிய மீன்

மச்சினி வாளியோடு உள்ளே வந்தபோது, மாமா தொட்டிக்குள் இரண்டாவது காலையும் வைத்துவிட்டிருந்தார்.

மீன் காட்சியகம் திறக்க இன்னும் நேரமிருந்தது. அக்காள் கணவரான அவர் அங்கே தொட்டி கழுவுபவர். அவள் மீன்களுக்குத் தீனி போடுபவள்.

முழங்கால் அளவு நீர். அடியில் மணல், பாசி படிந்த கற்கள். அவற்றில் ஒன்று மட்டும் கல் அல்ல, கல்மீன்! வெப்பக் கடலின் அடித்தரையில் கல்லோடு கல்லாகக் கிடந்து, கிட்டே வரும் இரையை விழுங்கும் ஜாதி. முதுகு முள் முழுக்க விஷம். ரப்பர் செருப்பெல்லாம் அதற்குக் காகிதம்.

அதனால்தான் தொட்டி கழுவுமுன் அதைப் பட்டினி போடுவார்கள். குச்சி நுனியில் இறாலைக் கட்டி ஆட்டினால், பசியில் லபக்கென்று பாயும். இடம் தெரிந்ததும் கூடையால் மூடிவிடலாம்.

"இந்தப் பக்கம் பூரா ஆட்டிட்டேன், வரல. அந்த மூலையிலதான் படுத்திருக்கு" என்றார் மாமா.

அவள் வாளியைக் கீழே போட்டாள்.

"மாமா, காலை அசைக்காதீங்க!"

"ஏன், உங்கக்கா வர்றாளா?"

"விளையாடாதீங்க. நேத்து பார்க்கப் பாவமா இருந்துச்சு. வயிறு முட்டப் போட்டுட்டேன்."

மாமாவின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"அடிப்பாவி! அப்போ இது எங்க வேணா இருக்குமே!"

"அதான் சொல்றேன்!"

"நான் ஏறிடறேன்."

"ஏறணும்னா காலைத் தூக்கி எங்க வைப்பீங்க? ஐயோ, கையை ஊனாதீங்க!"

பக்கத்துக் கல்லை நோக்கிப் போன கை அந்தரத்தில் நின்றது.

அவள் ஓடிப்போய் வடிகுழாயைத் திறந்தாள். நீர் இறங்கியது. எவ்வளவு மெதுவாக! அக்காவுக்கு என்ன பதில் சொல்வாள்? கணுக்கால் தெரிந்தது. கற்கள் தலைகாட்டின. எதுவும் அசையவில்லை.

மாமாவின் வலது குதிகாலை ஒட்டிக் கிடந்த கல், கன்னம் உப்பி மெல்ல அடங்கியது.

மூச்சு!

சட்டென்று கூடையைக் கவிழ்த்தாள். மாமா வெளியே தாவி, ஈரத்தரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"உங்கக்காகிட்ட மூச்சு விடாதே."

"பயந்துடுவாளா?"

"பயமா? 'என் தங்கச்சிக்குத்தான் எவ்ளோ நல்ல மனசு'ன்னு உன்னைக் கொஞ்சுவா. அதை என்னால தாங்க முடியாது."

அவள் சிரிக்கவில்லை. கூடைமேல் பாரம் வைக்க ஒரு கல்லைத் தூக்கக் குனிந்தவள், கையை இழுத்துக்கொண்டு, அதைக் குச்சியால் ஒருமுறை குத்திப் பார்த்தாள்.