ரெஸ்யூமின் கடைசி வரி

கிருபாசங்கரின் வாழ்க்கை ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. அடங்கிய பிறகும் கீழே இரண்டு விரல்கடை இடம் மிச்சம் கிடந்தது. இருபத்திரண்டு வயதில் ஒருவனை அவமானப்படுத்த அந்த வெள்ளை இடம் போதும்.

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் போட்டவன் அறைத்தோழன் ஜெப்ரி. ஒரு வருஷமாக வங்கியில் வேலை பார்ப்பதால் இந்த விஷயத்தில் அவன் வைத்ததுதான் சட்டம்.

"மொதல்ல நீ ஒண்ணாந்தேதி சேரப்போற கம்பெனி பேரு. வேலை கேட்டு வர்லீங்க, பழகத்தான் வாரேன்னு அதுலயே தெரிஞ்சுரும். அடுத்து படிப்பு. அடுத்து புராஜெக்ட். கடைசில பொழுதுபோக்கு, ஒரே வரி. பெரிய ஆளுங்க அதைப் புடிச்சுத்தான் பேச்சே ஆரம்பிப்பாங்க."

"கிரிக்கெட்டுன்னு போடட்டுமா?"

"போடு. உன்னோட சேர்ற பன்னெண்டு பேர்ல பதினோரு பேரு அதைத்தான் போட்டிருப்பான்." ஜெப்ரி கொஞ்சம் யோசித்தான். "பேர்ட் வாட்சிங்னு போடு மாப்ள. யாருக்கும் அதைப் பத்தித் தெரியாது, யாரும் கேக்க மாட்டாங்க."

கிருபா போட்டான். பக்கம் நிறைந்தது. மனசும்தான்.

இவ்வளவு பாடும் ஒரு நாற்காலிக்காக. அவினாசி ரோட்டிலிருந்த அந்த நிதி நிறுவனம் பன்னிரண்டு புது ஆட்களை எடுத்திருந்தது. இரண்டு பேருக்கு ஆராய்ச்சிப் பிரிவு: கம்பெனிகளின் கணக்கைப் படித்து எது தேறும், எது தேறாது என்று எழுதும் வேலை. மற்றப் பத்துப் பேருக்கு விற்பனை. விற்பனைக்குப் போகிறவர்களுக்கு முதல் நாளே நூறு வரி அச்சடித்த தாள் ஒன்று கொடுப்பார்களாம். நூறு வரியிலும் சொந்தக்காரர்களின் பெயரும் போன் நம்பரும் எழுத வேண்டும். முதல் மாத இன்ஷூரன்ஸ் பாலிசியெல்லாம் அவர்கள் தலையில்தான்.

கொங்குநாட்டில் நூறு சொந்தம் எழுதுவது ஒரு வேலையே இல்லை. ஒரு காதுகுத்துக்கு வந்தவர்களை எழுதினாலே தாள் பத்தாது. கஷ்டம் அதற்குப் பிறகு. தாராபுரத்திலிருந்து அம்மா சாந்தாமணி போனில் முன்கூட்டியே சொல்லிவைத்தாள்.

"கண்ணு, உன்ற சித்தப்பன் பாலிசி விக்கப்போயித்தான் அவனைக் கண்டா சனம் பந்தியில எடம் மாறி உக்காருது. நாளைக்கு உன்ற தங்கச்சிக்கு மாப்பிள்ளை கேட்டு இதே ஊடுகளுக்குத்தான் நான் போயி நிக்கோணும். பார்த்துக்க."

ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் விமலாராணி. யாருக்கு நாற்காலி என்பதை முடிவு செய்வது அவர்தான். அவருக்கு ரெஸ்யூமை அனுப்பிவிட்டு, பன்னிரண்டு நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். சேர்வதற்கு மூன்று நாள் இருக்கையில், வெள்ளிக்கிழமை பதில் வந்தது.

"ஞாயிறு காலை ஆறு மணி. சிங்காநல்லூர் குளம். பைனாகுலர் கொண்டு வரவும்."

படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, புராஜெக்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜெப்ரி அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்துவிட்டு, "பேச்சு ஆரம்பிச்சிருச்சே" என்றான்.

காந்திபுரத்தில் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு பைனாகுலர் கிடைத்தது. கூடவே ஒரு விசில் இலவசம். சனிக்கிழமை பூராவும் போனில் நாற்பது பறவைகளை மனப்பாடம் செய்தான். படத்தில் அவை எல்லாம் ஆதார் கார்டுக்கு உட்கார்ந்த மாதிரி நேராக உட்கார்ந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை குளத்தில் அவை முதுகைக் காட்டின.

விமலாராணிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கான்வாஸ் ஷூ, கழுத்தில் கனமான பைனாகுலர், கையில் நோட்டு. அவனுடைய பைனாகுலரை ஒரு பார்வை பார்த்தார். விசிலை அவன் அதற்கு முன்பே பாக்கெட்டில் மறைத்திருந்தான்.

"நாங்க அஞ்சாறு பேரு மாசாமாசம் இங்க எண்ணுறோமுங்க தம்பி. இன்னைக்கு மத்தவங்க வர்லை. அந்தப் பட்ட மரத்துல இருக்கிற நீர்க்காகத்தை நீங்க எண்ணுங்க, இந்தப் பக்கம் நான் பார்த்துக்கிறேன். எட்டரைக்குக் கெளம்பிருவேன், ஒம்பது மணிப் பூசை இருக்கு."

கிருபா பைனாகுலரைக் கண்ணில் வைத்தான். ஒரு பக்கம் மூட்டமாகவும் மறுபக்கம் இரண்டிரண்டாகவும் தெரிந்தது. மரம் முழுக்கக் கறுப்பாக ஏதோ உட்கார்ந்திருந்தது. சிலதுக்குக் கழுத்து நீளம். சிலது றெக்கையை விரித்துத் துணி காயப்போட்ட மாதிரி நின்றது. எண்ண ஆரம்பித்தால் நாலு பறந்தன, ஆறு வந்து உட்கார்ந்தன.

"எத்தனைங்க?"

"நாப்பத்திரெண்டுங்க மேடம்."

முப்பது என்றால் சரியாகப் பார்க்காத மாதிரி, ஐம்பது என்றால் புளுகின மாதிரி. நாற்பத்திரண்டில் ஒரு கண்ணியம் இருந்தது.

விமலாராணி நீல மையில் எழுதினார். அதற்கு மேலே பழைய மாதங்கள் வரிசையாக இருந்தன: முப்பது, முப்பத்து மூன்று, இருபத்தெட்டு. பேனா அங்கேயே நின்றது.

"போன மாசம் இருபத்தெட்டு. இந்த மாசம் நாப்பத்திரெண்டு. நல்ல மழை, அதனாலதான் இல்லீங்களா?"

மழைதாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிக்கு வந்தும் விட்டது. ஆனால் அந்தப் பெண்மணி தன் நோட்டில் பத்து வருஷக் கணக்கு வைத்திருந்தார், அதன் கடைசியில் இவன் வாயிலிருந்து விழுந்த எண் மை காயாமல் மின்னிக்கொண்டிருந்தது.

"மேடம், அதை அடிச்சுப்போடுங்க."

"ஏனுங்க?"

"நான் எண்ணலீங்க. அந்த மரத்துல எது நீர்க்காகம்னே எனக்குத் தெரியலீங்க."

விமலாராணி பைனாகுலரை இறக்கினார். "அப்ப எந்தப் பறவையைத்தான் தெரியும்?"

"கவுதாரி தெரியுமுங்க."

"எங்க பார்த்தீங்க?"

பொய் சொல்ல இனி தெம்பில்லை. "கொழம்புலீங்க" என்றான். "அதுவும் சின்ன வயசுலீங்க" என்று வேட்டைச் சட்டத்துக்குப் பயந்து சேர்த்துக்கொண்டான்.

அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து அவனுடைய ரெஸ்யூமை எடுத்தார். கடைசி வரியின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

"மத்த வரியில எதெல்லாம் கொழம்பு?"

தங்கச்சியின் முகமும் நூறு வரித் தாளும் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தன. கரையில் இருந்த சிமென்ட் பெஞ்சில் அவர் உட்கார்ந்துவிட்டார். வரிவரியாகக் கேட்டார். படிப்பு தப்பித்தது. புராஜெக்டில் பேனா நின்றது: திருப்பூர் பனியன் கம்பெனிகள் மூன்றை அவன் எடைபோட்டிருந்தான்.

"வருசத்துக்கு எட்டு சதவீதம் வளரும்னு போட்டிருக்கீங்க. எங்கிருந்து வந்துச்சு?"

"அஞ்சு வருச அறிக்கையைப் பார்த்தப்ப ஆறுதாங்க வந்துச்சு. எட்டு, பார்க்க நல்லா இருந்துச்சுங்க."

எட்டை அடித்து ஆறு என்று எழுதினார். "ஆறு வெச்சா மூணும் தேறுமா?"

"ரெண்டு தேறுமுங்க. ஒண்ணு தேறாதுங்க."

"எது? ஏன்?"

இது மட்டும் அவனுக்குத் தெரியும். சாயப்பட்டறைச் செலவு, நூல் விலை, ஒரே ஒரு வெளிநாட்டுக்காரனை நம்பிக் கடை நடத்துவது என்று ஆரம்பித்தான். பயம் எப்போது விட்டுப்போனது என்று அவனுக்கே தெரியவில்லை. நிறுத்தியபோது மணி எட்டு இருபத்தெட்டு.

விமலாராணி எழுந்து ஸ்கூட்டரை உதைத்தார். "சரிங்க தம்பி. நாளைக்கு ஆபீசுக்கு வந்துருங்க."

வரச்சொல்லி ஆர்டரே கையில் இருக்கிறது. இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவன் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

திங்கள்கிழமை பிரத்யுஷா என்ற அலுவலகப் பெண் பன்னிரண்டு பேருக்கும் பழுப்புக் கவர் கொடுத்தாள். பக்கத்தில் இருந்தவன் பிரித்தான்: நூறு வரித் தாள். அவன் உடனே பேனாவை எடுத்து முதல் வரியில் பெரியப்பா பெயரை எழுத ஆரம்பித்தான். கிருபா தன் கவரை விரலால் தடவினான். அதிலும் ஒரே தாள்தான். பிரிக்கக் கை வரவில்லை.

பிரித்தான். அவனுடைய ரெஸ்யூம். கடைசி வரி அடிபட்டிருந்தது, எட்டு ஆறாகியிருந்தது. ஓரத்தில் நீல மையில் எழுதியிருந்தது: "பூசை முடிந்து திரும்பப் போய் எண்ணினேன். முப்பத்தொன்று. மூன்றாம் மாடி, ஜன்னலோர நாற்காலி. மூன்று மாதம் பார்க்கலாம்."

படிக்கட்டில் நின்று அம்மாவைக் கூப்பிட்டான். ஹலோ சொல்வதற்குள் அவள் கேட்டாள். "எத்தனை பேரு எழுதுன?"

"ஒருத்தரையும் எழுதலம்மா. தாளே குடுக்கல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"சரி கண்ணு. அப்ப வர்ற முகூர்த்தத்துக்கு நான் மொதப் பந்தியிலயே உக்காந்துக்கறேன்."