நாலு விரல் புல்

ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஐந்து மணிக்கும் வெயில் இறங்கவில்லை.

பிருந்தன் புல் வெட்டும் மெஷினை வெளியே எடுத்து வைத்தான். ஆரணி அதன் பேட்டரியைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டாள்.

"விசர் வேலை பாக்காதை. நாளைக்குச் சங்கத்து விழா. எல்லாரும் ஒட்ட வெட்டியாச்சு" என்றான் மனைவியிடம்.

"வெட்டட்டும்."

"இன்னொரு எச்சரிக்கை வந்தா தோட்டத்தைப் பறிச்சுப் போடுவாங்கள்."

"ஓம், தெரியும்."

ஜெர்மனியின் எசன் நகரில் அவர்களுடைய வீடு மூன்றாம் மாடி. தோட்டச் சங்கம் வாடகைக்குத் தரும் இந்தத் துண்டு நிலத்துக்கு நாலு வருஷம் காத்திருந்தார்கள். ஆரணிக்கு வைத்தியசாலைச் சலவைக்கூடத்தில் வேலை. பகல் முழுக்க நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் நேரே இங்கே வருவாள். வந்ததும் செருப்பைக் கழற்றுவாள்.

முதல் எச்சரிக்கை போன கோடையில் வந்தது. ஊரில் முற்றத்தில் புல் நின்றால் வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம். ஆரணிக்குத் தெரிந்த வழக்கம் அதுதான். மெஷினை ஆகக் கீழே இறக்கி வெட்டினாள். வெட்டியபின் விளக்குமாற்றால் கூட்டினாள். துப்புரவாக இருந்தது. பிருந்தனும் நல்லது என்றான். இரண்டு கிழமையில் புல் வைக்கோலானது. பிறகு வைக்கோலும் இல்லை. சங்கத் தலைவர் வோல்டர்ஸ் வந்து பார்த்து எச்சரிக்கை எழுதித் தந்தார்.

"இது தோட்டமா, கார் நிறுத்துமிடமா?"

செப்டம்பரில் அவள் விதைத்தாள்.

"குளிர் வரப்போகுது. இப்பவோ?" பிருந்தன் சிரித்தான்.

இந்தப் புல்லுக்குக் குளிர் பிடிக்கும், வெயில்தான் ஆகாது என்று விதை விற்ற பெண் சொல்லியிருந்தாள். ஆரணி விதையை மிதித்து மண்ணோடு அமர்த்தினாள். வேலையால் வந்து தினமும் தண்ணீர் தெளித்தாள். ஒக்டோபருக்குள் முளைத்துவிட்டது. பனிக்குக் கீழே கிடந்தும் சாகவில்லை.

இப்போது நாலு விரல் உயரம். கையை மண்ணில் பக்கவாட்டாக வைத்து அளப்பாள். அதற்குக் கீழே வெட்டமாட்டாள். இந்த வெயிலில் வேருக்கு வேறு நிழல் இல்லை.

படலை திறந்தது. வோல்டர்ஸ்.

"இன்னும் வெட்டவில்லையா?"

"இதோ வெட்டப்போகிறோம்" என்றான் பிருந்தன் ஜெர்மனில்.

"இல்லை" என்றாள் ஆரணி.

"விதி எல்லோருக்கும் ஒன்றுதான். புல் குட்டையாக இருக்க வேண்டும். போன வருஷமும் உங்களோடுதான் பிரச்சினை."

"போன வருஷம் குட்டையாகத்தான் வெட்டினேன். அதற்கும் எச்சரிக்கை தந்தீர்கள்."

பிருந்தன் தமிழுக்கு மாறினான். "வாயைக் குடுக்காதை. சும்மா கிடந்த மனுசன்."

"சும்மா கிடந்தவர் ஏன் எங்கட படலையைத் திறந்தவர்? நீங்கள் பேசாமல் நில்லுங்கோ."

வோல்டர்ஸ் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அவருடைய தோட்டம் அடுத்தது. விழாவுக்காகத் திங்களன்று ஒட்ட வெட்டியிருந்தார். வேலிக்கு மேலால் அது மஞ்சளாகத் தெரிந்தது.

ஆரணி செருப்பைக் கழற்றினாள். புல்லின் நடுவே போய் நின்றாள்.

"எழுதுங்கள். அதற்கு முன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இங்கே வந்து நில்லுங்கள். பிறகு உங்கள் புல்லில் போய் நில்லுங்கள். எது சுடுகிறது, திரு வோல்டர்ஸ்?"