ஈஸ்டருக்குள் பெல்ட்

"அக்கா, தலை வலிக்குது" என்று ஒடோய் சொல்லி வாய் மூடவில்லை, பளார் என்று கன்னத்தில் அறை விழுந்தது. கையுறையைக்கூடக் கழற்றாத கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். குத்துச்சண்டைக்குப் பேர்போன புக்கோம் பேட்டை முழுக்கத் தேடினாலும் அவன் குத்தை வாங்கிவிட்டு உடனே எழுந்து நின்றவர்கள் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அப்பேர்ப்பட்டவனுக்கு அக்கா முன்னால் மட்டும் கை எழும்பாது.

"அந்த வார்த்தை உன் வாயில வரக் கூடாதுன்னு எத்தனை வாட்டிடா சொல்றது? வாய் என்ன சொல்லுதோ அதுதான் நடக்கும். சொல்லு, எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன்."

"அப்புறம்?"

"ஜெயிச்சாச்சு."

"கொசு கத்துற மாதிரி இருக்கு. சத்தமா!"

"ஜெயிச்சாச்சு!" என்று கத்தினான் ஒடோய். கத்தும்போது நெற்றி நரம்பு தெறித்து, கண்ணை ஒரு நொடி இறுக்கி மூடிக்கொண்டான். அக்கா டொர்காஸ் அதைப் பார்த்தாள். பார்த்தும் பார்க்காத மாதிரி கையுறைக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

டொர்காஸ் கெட்டவள் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் அவளைத் திட்டிக்கொண்டே படிப்பீர்கள். அவளுடைய அப்பா இருந்தாரே, அந்த மனுஷன் வாயைத் திறந்தால் ஒரே பேச்சுதான்: "நமக்கெல்லாம் எங்க அமையப் போகுது." படகுக்கு மோட்டார் வாங்கலாமா என்றால் நமக்கெல்லாம் எங்க. பொண்ணைப் படிக்க வைக்கலாமே என்றால் நமக்கெல்லாம் எங்க. கடைசியில் நெஞ்சு வலி வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள், அதற்கும் அதே பேச்சு. சொன்னபடியே பாயில் கிடந்து செத்தார். தம்பிக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. கெங்கே என்கிற புளித்த சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் விற்று அவனை ஆளாக்கினவள் டொர்காஸ்தான். அப்பாவின் அந்தப் பேச்சு தம்பி வாயில் ஒட்டிவிடக் கூடாது என்பதில் அவளுக்கு ஒரு வெறியே இருந்தது.

அந்த வெறிக்கு ஜெயக்கொடி சபை தீர்க்கதரிசி போவாஸ் நல்ல தீனி போட்டார். உனக்கு என்ன வேண்டும் என்று முடிவு பண்ணு, அதற்கு நாள் குறி, நடந்து முடிந்ததாகவே வாயால் சொல்லு, எதிரான சொல் ஒன்றுகூட நாக்கில் ஏற விடாதே. இவ்வளவுதான் அவர் பாடம். புத்தாண்டு இரவு ஆராதனையில் தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து மேடைக்கு இழுத்துப்போய் மைக்கைக் கையில் திணித்தாள். "ஈஸ்டருக்குள்ள தேசிய பெல்ட் இந்த இடுப்புல!" என்று ஒடோய் சொன்னான். சபையே எழுந்து ஆமென் போட்டது.

சும்மா சொல்லக் கூடாது, அது வேலையும் செய்தது. ஒடோய் குடியை விட்டான். விடியும் முன் கடற்கரை மணலில் ஓடினான். அடுத்தடுத்து வந்தவர்களை எல்லாம் தாடையைப் பெயர்த்து அனுப்பினான். ஒருத்தனுக்கு விலா எலும்பு முறிந்தது. இன்னொருத்தன் பல்லைத் துப்பிவிட்டு மேடையிலேயே அழுதான். கடைசியில் பெல்ட்டை வைத்திருக்கும் பப்பாஃபியோவே சண்டைக்குச் சம்மதித்தான், அதுவும் ஈஸ்டர் சனிக்கிழமை. இதற்கு மேல் ஆண்டவர் எப்படித்தான் பதில் சொல்வார், சொல்லுங்கள்!

பயிற்சி நடக்கும் அந்த முற்றத்தில் இதை நம்பாத ஆள் ஒருத்தர் இருந்தார், பயிற்சி கொடுக்கிற ஆர்மா மாமா. அன்றைக்கு ஒடோய்க்கு அறை விழுந்ததைப் பார்த்து அவர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார்.

"முந்தாநாள் பயிற்சியில காதோரம் ஒண்ணு வாங்கினான், டொர்காஸ். அதுலேர்ந்து வெளிச்சம் பட்டா கண்ணைச் சுருக்குறான். டாக்டர்கிட்ட காட்டு. சண்டைய ஒரு மாசம் தள்ளி வையி."

"தள்ளி வைக்கவா? நாளைக் குறிச்சது நானா, ஆண்டவரா?"

"மைக்கைப் புடிச்சது உன் தம்பி. ஆண்டவரை ஏன் இழுக்குற?"

"மாமா, உங்க வாயைக் கழுவுங்க. எங்கப்பா பேச்சு மாதிரியே இருக்கு."

ஆர்மா தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்துக் காட்டினார். சண்டையில் ஆள் தாங்க மாட்டான் என்று தெரிந்தால் மூலையில் நிற்பவர் மேடைக்குள் துண்டை எறிவார், அதோடு சண்டை நிற்கும். "இது என் கையில இருக்கும். எனக்கு எப்போ தோணுதோ அப்போ எறிவேன். அதுக்கு சம்மதம்னா மூலையில நிக்கிறேன்."

டொர்காஸ் அந்தத் துண்டைப் பிடுங்கினாள். பல்லால் கடித்து நடுவில் கிழித்தாள், கிழித்ததைக் கரி அடுப்பில் போட்டாள். "துண்டு எடுத்துட்டுப் போறவன் தோக்கப் போறோம்னு நெனச்சுதானே எடுத்துட்டுப் போறான்? எங்க மூலையில துண்டு கிடையாது. நானே நிப்பேன். நீங்க கிளம்புங்க."

"உன் தம்பிடீ அவன்" என்றார் ஆர்மா. அவ்வளவுதான் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சண்டைக்கு முந்தின நாள், இருவருக்கும் எடை பார்க்கும் இடத்தில் பப்பாஃபியோ ஒடோயை மேலும் கீழும் பார்த்தான். பக்கத்துப் பேட்டையான சோர்க்கோரில் இறைச்சிக் கடை வைத்திருப்பவன், கழுத்து எங்கே முடிகிறது தோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத உடம்பு. "என்னப்பா, நீதான் வர்றியா, இல்ல உங்கக்கா வர்றாங்களா? அவங்கதான் நல்லா அறையறாங்களாம், சோர்க்கோர் வரைக்கும் சத்தம் கேக்குது" என்றான். கூட்டம் சிரித்தது. டொர்காஸ் அவன் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "நாளைக்கு ராத்திரி உனக்கு உன் கடை வழியே மறந்து போகும், பாரு" என்றாள்.

சனிக்கிழமை அரங்கத்தில் ஒரு பக்கம் முழுக்கச் சபை ஜனம். தீர்க்கதரிசி போவாஸ் முன் வரிசையில் வெள்ளை அங்கியில் உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் ஒடோய் பாய்ந்தான் பாருங்கள், அடேயப்பா! முதல் சுற்றிலேயே பப்பாஃபியோவின் மூக்கு உடைந்தது. ரத்தம் வாய்க்குள் இறங்கி, அதைத் துப்பித் துப்பிச் சண்டை போட்டான். மூன்றாம் சுற்றில் ஒடோயின் வலது கை அவன் புருவத்தைக் கிழித்தது. முன் வரிசைப் பெண்களின் ஞாயிற்றுக்கிழமை உடையில் ரத்தம் தெறித்தது, அவர்கள் துடைக்காமல் பாடினார்கள். டொர்காஸ் மேடை விளிம்பைக் குத்திக் குத்தி, "இடுப்புல ஏறியாச்சு! ஏறியாச்சு!" என்று கத்தினாள்.

இறைச்சிக் கடைக்காரன் அவசரப்படவில்லை. அடி வாங்கிக்கொண்டே ஒடோயின் வலது காதோரத்தைப் பார்த்து வைத்திருக்கிறான். ஆறாம் சுற்றில் அங்கே ஒன்று வைத்தான். பெரிய குத்துகூட இல்லை. ஒடோயின் கால் மடங்கி, ஒரு முழங்கால் தரையைத் தொட்டது. எழுந்தான். மறுபடியும் அதே இடத்தில் ஒன்று. மறுபடியும் ஒன்று. வாயில் மாட்டியிருந்த ரப்பர் வெளியே வந்து தொங்கியது, அதோடு ரத்தமும் எச்சிலும் கயிறாக இறங்கியது. சோர்க்கோர் கூட்டம், "வெட்டு! வெட்டு!" என்று ஊளையிட்டது.

மணி அடித்தபோது ஒடோய் பப்பாஃபியோவின் மூலையைப் பார்த்து நடந்தான். நடுவர் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்.

டொர்காஸ் அவனை முக்காலியில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டினாள். "எப்படிடா இருக்க?"

"நல்லா இருக்கேன். ஜெயிச்சாச்சு."

அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? என் தம்பி, எலும்பு நொறுங்கினாலும் வாய் பிசகாதவன் என்று நினைத்தாள். வீங்கிய கண் இமைமேல் ஐஸ் கட்டியை அழுத்திக்கொண்டே, "அவன் வலது கையை எறக்குறான், பாத்தியா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கேன். ஜெயிச்சாச்சு."

"அது சரிடா. வலது கையப் பாத்தியான்னு கேட்டேன்."

"நல்லா இருக்கேன். ஜெயிச்சாச்சு."

டொர்காஸ் ஐஸ் கட்டியைக் கீழே போட்டாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள். ஒரு கண்ணின் பாவை சின்னதாக இருந்தது, இன்னொன்று விரிந்து கறுப்பாகக் கிடந்தது. "ஒடோய், தலை வலிக்குதா? உண்மையைச் சொல்லுடா. அடிக்க மாட்டேன்."

"நல்லா இருக்கேன்."

"நான் யாருடா? என் பேரைச் சொல்லு."

"ஜெயிச்சாச்சு" என்றான் அவன், நாக்கு குழற.

 பதினைந்து வாரம் அறைந்து அறைந்து அவள் பழக்கியது அது. வலிக்கிறது என்ற சொல்லை அவன் வாயிலிருந்து தோண்டி எடுத்து எறிந்தாகிவிட்டது. இப்போது அந்தச் சொல் வேண்டும், கேட்டால் வரவில்லை. கத்த வேண்டும் என்று நினைத்தாள். முன் வரிசையிலிருந்து போவாஸ், "சந்தேகம் வேண்டாம் மகளே! வாசல் திறந்தாச்சு!" என்று கை தூக்கினார். சபை ஜனம் ஆமென் போட்டது. மணி அடித்தது. ஒடோய் பொம்மை மாதிரி எழுந்து போனான். பாவி, அவள் போகவிட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சண்டை என்று யார் சொல்வார்கள்? ஒடோயின் இடது கை தொடையோடு தொங்கிக்கொண்டிருந்தது. பப்பாஃபியோ கயிற்றோரம் சாய்த்து வைத்துக் குத்தினான். விலாவில், வயிற்றில், பிறகு அந்தக் காதோரம். தலை பின்னால் போய்க் கயிற்றில் மோதித் திரும்பி வரும், வந்ததும் இன்னொரு குத்து. ஒரு கட்டத்தில் பப்பாஃபியோவே நடுவரைத் திரும்பிப் பார்த்தான், நிறுத்தக் கூடாதா என்பது போல. விழுந்தால் எண்ணலாம், இவன் விழவும் மாட்டேன் என்கிறானே! நடுவர் குனிந்து, "இன்னும் சண்டை போடுறியா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கேன்" என்றான் ஒடோய்.

டொர்காஸின் கை தன்னையறியாமல் துண்டைத் தேடியது. துண்டு எங்கே இருக்கிறது? அவளே மேடையில் ஏறினாள். கயிற்றுக்கு அடியில் புகுந்தபோது பாவாடை மாட்டிக் கிழிந்தது. இருவருக்கும் நடுவில் போய் நின்று, உயிர் போகிற மாதிரி கத்தினாள்: "தோத்துட்டோம்! தோத்துட்டோம், நிறுத்துங்க! என் தம்பி தோத்துட்டான்!"

 சபைப் பக்கத்திலிருந்து தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்தன. "யூதாஸ்!" என்றாள் அவளிடம் தினமும் கெங்கே வாங்குகிற ஒருத்தி. நடுவர் கைகளைக் குறுக்கே வீசிச் சண்டையை முடித்தார்.

ஒடோய்க்கு அப்போதுதான் விஷயம் உறைத்திருக்க வேண்டும். அக்காவைப் பார்த்தான். வாழ்நாளில் முதல் தடவையாக அவள்மேல் கை ஓங்கினான். வலது கையைப் பின்னால் இழுத்து, தாடைகளைப் பெயர்த்த அதே வீச்சோடு அவள் முகத்தில் குத்தினான். கூட்டம் ஆவென்று அலறியது. டொர்காஸ் நகரவில்லை.

அந்தக் குத்தில் பலமே இல்லை. தூக்கத்தில் புரளும் பிள்ளையின் கை படுமே, அவ்வளவுதான். அவள் உதடுகூடக் கிழியவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. "ஐயோ, என் ராசா!" என்று அவனைக் கட்டிப்பிடித்தாள். அவன் முழு எடையும் அவள்மேல் சரிந்தது, இருவரும் ரத்தத்தில் வழுக்கி விழுந்தார்கள். ஒடோயின் கால்கள் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தன.

வெளியே மீன் ஏற்றும் வேன் ஒன்றுதான் நின்றது. தோளை டொர்காஸ் பிடிக்க, காலை ஓடி வந்து பிடித்தவன் பப்பாஃபியோ. அப்போதுதான் இடுப்பில் மாட்டிவிட்ட பெல்ட் அவன் குனியும்போதெல்லாம் இடித்தது. அவிழ்த்து யாரிடமோ எறிந்தான். "வழி விடுங்கய்யா, நாய்களா!" என்று உடைந்த மூக்கோடு கத்திக்கொண்டே கூட்டத்தை முழங்கையால் தள்ளினான். வேன் கதவருகில் போவாஸ் வந்து டொர்காஸின் கையைப் பிடித்தார்.

"இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா அற்புதம் நடந்திருக்கும், மகளே. உன் வாயால கெடுத்துட்ட."

"கையை எடுங்க, ஐயா. இல்லேன்னா கடிச்சுடுவேன்" என்றாள் டொர்காஸ். அவர் எடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். ஞாயிறு வந்து போனது, ஊரே உயிர்த்தெழுதல் பாட்டுப் பாடியது, டொர்காஸ் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்தாள். வாயில் 'ஜெயிச்சாச்சு' மாதிரி எந்த அறிக்கையும் வரவில்லை. அழுகையோடு கெஞ்சல்தான் வந்தது, ஆண்டவரே, பெல்ட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம், அவனை மட்டும் விட்டுடுங்க என்று. திங்கட்கிழமை டாக்டரம்மா வெளியே வந்து, "உசிருக்கு பயமில்லை. ஆனா இடது பக்கம் வேலை செய்யுமான்னு எனக்குத் தெரியல. செய்யாமலும் போகலாம். மனசைத் தயார் பண்ணிக்கோங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஒடோய் கண் விழித்தான். தலை முழுக்கக் கட்டு, முகம் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. டொர்காஸ் கட்டிலின் இடது பக்கம் உட்கார்ந்து, அசைவில்லாமல் கிடந்த அவன் கைமேல் தன் கையை வைத்திருந்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

"யாரு நிறுத்தினது?" என்றான். ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

அவள் பொய் சொல்லவில்லை. "நான்தான். நீ தோத்துட்ட. நான்தான் கத்தி நிறுத்தினேன்."

"இனிமே," என்று ஆரம்பித்து மூச்சு வாங்கினான். "என் மூஞ்சில முழிக்காத."

சொல்லிவிட்டு அவள் கையைத் தள்ளிவிட்டான். மெதுவாகத்தான் தள்ளினான், விரல் நடுங்கியது. ஆனாலும் அவள் கை கட்டிலிலிருந்து நழுவி விழுகிற அளவுக்கு வெறுப்போடு தள்ளினான்.

டொர்காஸ் தன் கையைப் பார்த்தாள், அப்புறம் அவன் இடது கையைப் பார்த்தாள். நாற்காலி கவிழ எழுந்தாள். "சிஸ்டர்! சிஸ்டர், ஓடி வாங்க! என்னைத் தள்ளிவிட்டுட்டான்!" என்று வார்டே அதிரக் கூப்பிட்டாள். சுற்றியிருந்த நோயாளிகள் எல்லோரும் தலை தூக்கிப் பார்த்தார்கள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "இடது கையால தள்ளிவிட்டான், சிஸ்டர்! டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க!"